பழைய புல்லட்டில் விட்டுவிட்டு வந்த கோளாறும் அதைக் கண்டுபிடித்த அம்பத்தூர் பட்டறையும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தெருவில், லேத் பட்டறைக்கும் டீக்கடைக்கும் நடுவே, பெயர்ப்பலகை இல்லாமல் நடக்கும் ஒரு சிறிய மெக்கானிக் பட்டறையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். பெயரும் எண்ணும் போட வேண்டாம் என்று அதை நடத்தும் பெரியவரே கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இப்போதே வாசலில் ஆறேழு வண்டிகள் முறைக்காகக் காத்து நிற்கின்றன. எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று தெரியாத பழைய வண்டியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகமாக மாற்றிக் காசை இழந்துகொண்டிருப்பவர்களுக்கு இவர் கோளாறைத் தேடும் முறை பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

என்னுடையது 1993-ஆம் ஆண்டின் புல்லட் 350. 346 சிசி, வார்ப்பிரும்பு சிலிண்டர், பிளக்கில் பொறி உண்டாக்க, பாயிண்ட் என்ற திறந்து மூடும் சிறு சுவிட்சும் கண்டென்சரும் கொண்ட பழைய இக்னிஷன், வலக்காலில் கியர் என்று திருவொற்றியூர் ஆலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே என் சித்தப்பா அதை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஓட்டினார். அவரிடமிருந்து என் கைக்கு வந்த 2022-இல் நான் அதில் சில மாற்றங்களைச் செய்தேன். முதுகுவலி காரணமாக உயரமான ஹேண்டில்பார் போட்டேன். இரவில் நெடுஞ்சாலையில் வெளிச்சம் போதவில்லை என்று 60/55 வாட் ஹாலஜன் பல்பு மாட்டினேன். பெட்டி போன்ற பழைய ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் வாயிலேயே மாட்டும் கூம்பு வடிவ ஃபில்டரை வைத்தேன். வேலையைச் செய்தவர்கள் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார்கள். பார்க்க நன்றாகவே இருந்தது.

2023 அக்டோபரில் கோளாறு தொடங்கியது. பெரம்பூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போய்வருகிறேன். போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது. காலையில் ஒரு குறையும் இல்லாமல் போகும் வண்டி, மாலையில் திரும்பும்போது நசரத்பேட்டைக்கோ பூந்தமல்லிக்கோ அருகில் இரண்டு மூன்று முறை திணறி, மிஸ்ஸிங் அடித்து, பிறகு ஒரேயடியாக அடங்கிவிடும். கிக்கரை எத்தனை முறை உதைத்தாலும் உயிர் வராது. பத்து நிமிடம் ஓரமாக நின்றுவிட்டு மறுபடி உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் முதல் உதையிலேயே பிடித்துக்கொள்ளும். சில நாட்களில் வீடு வருவதற்குள் இன்னொரு முறையும் நிற்கும். சில நாட்களில் ஒரு தும்மல்கூட இல்லாமல் வந்து சேரும். மழைக்காலம் முழுவதும் இப்படிப் படுத்திய வண்டி, அடுத்த கோடையில் ஏறக்குறைய முழுவதுமாகத் தெளிந்துவிட்டது. சரியாகிவிட்டது என்று நம்பியிருந்தபோது 2024 அக்டோபரில் மீண்டும் ஆரம்பித்தது.

இடைப்பட்ட காலத்தில் மூன்று இடங்களில் காட்டினேன். முதலாமவர் பிளக்கை மாற்றிக் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார். இரண்டாமவர், சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்ற விவரத்தைக் கேட்டவுடன் கண்டென்சர் என்றார். அதையும் பாயிண்டையும் சேர்த்து மாற்றினார். மூன்றாமவர், பிளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் காயிலை மாற்றினார். மழைக்காலத்தில் அதிகம் என்பதால் எங்கோ ஈரம் இறங்குகிறது என்று பிளக் ஒயரும் புதிதாகப் போடப்பட்டது. இவர்களில் யாரும் என்னை ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். சூடானதும் செயலிழந்து ஆறியதும் மீளும் கண்டென்சரும் காயிலும் பழைய வண்டிகளில் சாதாரணமாகப் பார்க்கக்கூடியவை; நான் சொன்ன அறிகுறிகள் அவற்றுக்குப் பொருந்தவும் செய்தன. ஆனால் யாரிடமும் வண்டி நிற்கவில்லை. பட்டறையில் வைத்து அரை மணி நேரம் ஓட்டினாலும் கடிகாரம்போல் ஓடியது. பார்க்காத நோய்க்கு மருந்து கொடுத்ததால், ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நம்பிக்கையும் மூன்றாம் நாள் பூந்தமல்லிச் சாலை ஓரமும்தான் மிஞ்சின. பாகங்களுக்கும் கூலிக்குமாக 6,700 ரூபாய் போயிருந்தது.

2025 ஜனவரியில், என்னோடு வேலை செய்யும் ஒருவர் சொல்லித்தான் அம்பத்தூர் பட்டறைக்குப் போனேன். பெரியவருக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். உதவிக்கு ஒரு பையன். நான் வண்டியின் வரலாற்றைச் சொல்லி முடிக்கும் வரை அவர் ஸ்பேனரைக் கையில் எடுக்கவே இல்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பழைய காயிலை வீட்டில் வைத்திருக்கிறேனா என்று கேட்டார், தூக்கிப் போட வேண்டாம் என்றார். பிறகு, நான் அதுவரை ஒருவரிடமிருந்தும் கேட்டிராத கேள்விகள் வந்தன. நிற்கும்போது திடீரென்று நிற்கிறதா, இழுத்து இழுத்து நிற்கிறதா? டேங்கில் பெட்ரோல் எவ்வளவு இருந்தது? நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்து பார்த்ததுண்டா, திறந்தபோது காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்டதா? ஹேண்டிலைத் திருப்பும்போது நின்றதுண்டா? ஹாரன் அடிக்கும்போது? கடைசியாக, கரண்ட் ஓட்டத்தைக் காட்டும் மீட்டரைப் பற்றி, "நிக்கிறப்ப ஆம்ப் மீட்டர் முள்ளு எங்க இருந்துச்சு தம்பி?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. நடுவில் இருந்திருக்கும் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னார். மூன்று வாரம் வழக்கம்போல் ஓட்ட வேண்டும். தினமும் கிளம்பிய நேரம், ஓடிய தூரம், பெட்ரோல் அளவு, மழையா வெயிலா, ஹெட்லைட் எரிந்ததா இல்லையா, நின்றிருந்தால் எந்த இடம், முள் எங்கே இருந்தது என்று எழுத வேண்டும். அதுவரை ஒரு திருகைக்கூட யாரும் தொடக்கூடாது. அன்று அவர் பணம் வாங்கவில்லை. வண்டியைத் திருப்பி ஓட்டிவந்தபோது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. ஆனால் இந்தக் கோளாறைக் கண்டுபிடித்ததில் பாதிக்கு மேலான பங்கு அந்த நோட்டுக்குத்தான்.

மூன்று வாரத்தில் பதினைந்து வேலை நாட்கள். ஆறு நாட்கள் வண்டி நின்றது. அந்த ஆறில் ஐந்து, மாலை ஆறேகாலுக்கும் ஏழுக்கும் இடையில். மீதி ஒன்று மட்டும் நண்பகல். அன்று தூறலோடு வானம் இருண்டு கிடந்ததால் ஹெட்லைட்டைப் போட்டிருந்தேன். ஹெட்லைட் எரியாமல் ஒரு நாளும் நிற்கவில்லை. வெயிலில், எஞ்சின் கொதிக்கக் கொதிக்க, இடையில் ஒரு நாள் செங்கல்பட்டு வரை போய்வந்தும் நிற்கவில்லை. இதைப் படித்ததும்தான் கோடையில் வண்டி தெளிந்ததன் காரணம் புரிந்தது. ஐந்தரைக்கு வேலையை விட்டுக் கிளம்புகிறவன் நான். சென்னையில் ஜூன் மாதம் சூரியன் மறைய ஆறரைக்கு மேல் ஆகும். பாதிக்கு மேற்பட்ட வழியை வெளிச்சத்திலேயே கடந்துவிடுவேன். நவம்பரில் ஐந்தே முக்காலுக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். நாங்கள் எல்லோரும் மழையையும் சூட்டையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். வண்டிக்கோ மழையும் பொருட்டில்லை, சூடும் பொருட்டில்லை. பழைய வண்டியாக இருந்ததால் இந்தத் துப்புக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிவது கட்டாயம் என்பதால், விளக்கு எரிந்த நாள், எரியாத நாள் என்ற வேறுபாடே நோட்டில் இருந்திருக்காது.

முள்ளைப் பற்றிய குறிப்பும் முக்கியமானது. புல்லட்டின் ஆம்ப் மீட்டர் முள், எஞ்சின் மெதுவாக ஓடும்போது பாயிண்ட் திறந்து மூடும் தாளத்துக்கு ஏற்பத் துடித்துக்கொண்டே இருக்கும். ஹெட்லைட் போட்டால் இடப்பக்கம் சாயும். வண்டி திணறிய ஆறு முறையும் முள் நட்டநடுவில், துடிப்பே இல்லாமல் நின்றிருந்தது. நடுவில் நிற்பதை நல்ல அறிகுறி என்று இரண்டு ஆண்டுகளாக நினைத்திருந்தேன். பெரியவர் நோட்டில் அந்த வரியின்மேல் விரலை வைத்து, விளக்கு எரியும்போது முள் அசையாமல் இருந்தால் அதன் வழியாகக் கரண்டே போகவில்லை என்று பொருள் என்றார்.

இருந்தாலும் அவர் நேராக அங்கே கைவைக்கவில்லை. முதலில் பெட்ரோலைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கினார். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுவிடும். மூடியைத் திறந்தால் சரியாகிவிடும். இதுவும் பத்து நிமிடத்தில் தானாகத் தீரும் கோளாறுதான். அதைச் சோதிக்க, பெட்ரோல் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, மூடி இறுக்கியிருக்கும்போது அரை லிட்டர் இறங்கும் வரை ஓட்டம் குறைகிறதா என்று பார்த்தார். குறையவில்லை. பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி மூச்சு வாங்கி, வேகம் குறைந்து, சாகாமல் சாகும் என்றும், மின்சாரம் போய் நிற்கும் வண்டி சுவிட்சை அணைத்ததுபோல் நிற்கும் என்றும் விளக்கினார். என் வண்டி திணறிவிட்டுப் பின் சட்டென்று நின்றதால் இரண்டையும் சந்தேகிக்க வேண்டியிருந்தது என்பது அவர் கருத்து.

அடுத்து அவர் செய்ததை நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அருகிலிருந்து பார்த்தேன். பிளாஸ்டிக் உறை தேய்ந்து மஞ்சளாகிப்போன ஒரு மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்தார். பிளக்கைக் கழற்றிவிட்டு, பாயிண்ட் மூடியிருக்கும் நிலைக்குக் கிக்கரைக் கையால் அழுத்திக் கொண்டுவந்தார். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும், இன்னொரு முனையைக் காயிலுக்குக் கரண்ட் வரும் முனையிலும் வைத்து, சாவியைப் போட்டார். மொத்த வழியும் நன்றாக இருந்தால் இந்த இரண்டு இடங்களுக்கும் இடையில் வோல்ட்டேஜ் வேறுபாடு அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீட்டர் 0.5 காட்டியது. ஹெட்லைட்டைப் போட்டார், 1.1 ஆனது. பிறகு அப்படியே விட்டுவிட்டு டீ சொன்னார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் அந்த எண் 1.4, 1.9, 2.3 என்று தானாக ஏறிக்கொண்டே போய் 2.9-இல் நின்றது. யாரும் எதையும் தொடவில்லை. இரண்டு மழைக்காலங்களாகப் பூந்தமல்லிச் சாலையில் என் கண்ணுக்குப் படாமல் நடந்தது இப்போது அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் நடந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு வழியைத் துண்டு துண்டாக அளந்தார். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரை 0.1. ஃபியூஸிலிருந்து, ஹெட்லைட்டும் ஆம்ப் மீட்டரும் பொருந்தியிருக்கும் கூடான டூமுக்குள் நுழையும் ஒயர் வரை மீட்டர் அசையவே இல்லை. ஆம்ப் மீட்டருக்கு இந்தப் பக்க ஒயருக்கும் அந்தப் பக்க ஒயருக்கும் இடையில் 2.7. அதைத் தாண்டிக் காயில் வரை மீண்டும் 0.1. ஆக, இழப்பு முழுவதும் இரண்டங்குல இடத்துக்குள் இருந்தது. ஹெட்லைட் டூமைக் கழற்றி உள்ளே விரலை விடப் போனவனை அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். நல்லவேளை, அந்த நட்டு, தொட்டால் தோல் வழன்றுவிடும் அளவுக்குச் சூடாக இருந்தது. ஆறிய பிறகு கழற்றிக் காட்டினார். ஒயரின் முனையில் இருந்த வளைய லக், செம்பு நிறம் போய்க் கருநீலமாகியிருந்தது. அதைப் பிடித்திருந்த நட்டு விரலாலேயே சுழன்றது. லக்குக்குள் ஒயரின் இழைகளில் பாதிக்கு மேல் அறுந்து, மீதி பச்சைப் பாசி பிடித்ததுபோல் அரித்துக் கிடந்தன. ஒயரின் உறை ஓரங்குல நீளத்துக்கு வெந்து மொறுமொறுவென்று உதிர்ந்தது.

காரணம் நான் செய்த மாற்றங்கள்தான். ஹேண்டில்பாரை உயர்த்தியவர்கள், கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் கேபிள்களை நீளமானவையாக மாற்றினார்கள். ஒயரிங்கை மட்டும் பழைய நீளத்திலேயே விட்டுவிட்டார்கள். மேலே ஸ்விட்சுக்குப் போகும் ஒயர்களுக்கு நீளம் போதாமல் டூமுக்குள் இருந்த தளர்வையெல்லாம் இழுத்துக்கொண்டதால், ஆம்ப் மீட்டரின் பின்புற ஒயர் வீணைக் கம்பிபோல் விறைத்து நின்றது. ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் அது லக்கை இழுத்தது. புல்லட்டின் அதிர்வு நட்டை இளக்கியது. இதோடு ஹாலஜன் பல்பும் சேர்ந்துகொண்டது. என் வண்டியின் ஒயரிங்கில் பேட்டரியிலிருந்து வரும் கரண்ட் எல்லாம் ஆம்ப் மீட்டரைக் கடந்துதான் காயிலுக்கும் விளக்குக்கும் பிரிகிறது. காயிலுக்கு ஏறத்தாழ 4 ஆம்பியர், விளக்குக்கு ஏறத்தாழ 5 ஆம்பியர், ஆக 9. இளகிய அந்த இணைப்பில் 2.7 வோல்ட் விழுகிறது என்றால், இரண்டையும் பெருக்கினால் 24 வாட். சால்டரிங் அயர்ன் ஒன்றின் சூடு அந்த ஒரு நட்டில் இறங்கியிருக்கிறது. சூடாகச் சூடாக இணைப்பு மேலும் கெடும். கெடக் கெட மேலும் சூடாகும். ஓட்டத்தின் அதிர்வில் அது முழுவதுமாக விட்டுப்போகும் நொடியில் பேட்டரியின் துணை இல்லாமல் ஆல்டர்னேட்டர் மட்டும் தனியாக நிற்கும். காயிலை மட்டும் தாங்க அதனால் முடியும்; பகலில் நிற்காமல் ஓடியதற்கு அதுவே காரணம். 60 வாட் விளக்கையும் சேர்த்துச் சுமக்க முடியாமல் வோல்ட்டேஜ் சரிந்து, பிளக்கில் பொறி போய்விடும். ஓரமாக நின்ற பத்து நிமிடத்தில் நான் விளக்கை அணைத்துவிடுவேன், நட்டும் ஆறிவிடும், மறுபடி பிடித்துக்கொள்ளும். மூன்று மெக்கானிக்குகளும் சூட்டைச் சரியாகவே மோப்பம் பிடித்திருக்கிறார்கள். சூடு எஞ்சினில் இல்லாமல் டூமுக்குள் இருந்தது அவர்களுக்குத் தெரியவில்லை.

சரிசெய்ததில் பெரிய வித்தை எதுவும் இல்லை, ஆனால் வேலை சுத்தம். வெந்த ஒயரை ஒட்டுப்போடாமல் ஃபியூஸ் வரை முழு நீளத்துக்கும் புதிதாக, முன்பிருந்ததைவிடத் தடிமனான ஒயராகப் போட்டார். லக்குகளை நெருக்கியபின் சால்டரும் வைத்தார். நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர். ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுவதும் திருப்பிப் பார்த்து, ஒயர் எங்கும் இழுபடாதபடி உள்ளே ஒரு சுருள் தளர்வு விட்டார். ஹெட்லைட்டுக்குத் தனி ஃபியூஸோடு, சிறிய கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ஒரு ரிலே வைத்து, அதன் கரண்ட் ஆம்ப் மீட்டரையும் பழைய சுவிட்சையும் தொடாமல் பேட்டரியிலிருந்து நேராகப் போகும்படி செய்தார். இதனால் விளக்கு இழுக்கும் கரண்ட்டை இனி முள் காட்டாது. அது ஒரு குறைதான், முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் கேட்ட பிறகே செய்தார். முடிந்ததும் அதே இரண்டு இடங்களில் மீட்டரை வைத்து, விளக்கு எரிய அரை மணி நேரம் விட்டு, 0.2-க்கு மேல் ஏறவில்லை என்பதை என்னைப் படிக்கச் சொன்னார்.

கழற்றிய பிளக்கைப் பார்த்தபோது அதன் பீங்கான் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கூம்பு ஃபில்டர் காற்றை அதிகம் விடுகிறது, பெட்ரோல் அதற்கேற்ப வரவில்லை என்பதன் அடையாளம் அது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கலாம் அல்லது பழைய ஃபில்டர் பெட்டியையே மாட்டலாம் என்றார். பெட்டி சித்தப்பா வீட்டுப் பரணில் இருந்தது, எடுத்துவந்து மாட்டிக்கொண்டேன். நின்றுபோகும் கோளாறுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதையும் அவரே தெளிவாகச் சொன்னார். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசி ஒரு பெரிய பில் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

கோளாறைக் கண்டுபிடித்ததற்கு 800 ரூபாய், ஒயரிங், ரிலே, கூலி எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய், ஆக 2,250. கண்டுபிடிப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். தேடும் நேரத்துக்குக் கூலி கிடைக்காத மெக்கானிக், பாகத்தை விற்றுத்தான் அந்த நேரத்தை ஈடுகட்ட வேண்டியிருக்கும். என் 6,700 ரூபாயின் பெரும்பகுதி அப்படித்தான் போனது. மாற்றிய பழைய ஒயரையும் கருகிய லக்கையும் ஒரு காகிதத்தில் மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

குறைகளும் உண்டு. முதல் நாள் போனதிலிருந்து வண்டி முழுமையாகக் கைக்கு வர ஐந்து வாரம் ஆனது. வேறு வண்டி இல்லாதவர்களுக்கு இது கஷ்டம். தொலைபேசியை எடுக்கவே மாட்டார்; நேரில் போனால்தான் பேச்சு. அச்சிட்ட பில் கிடையாது, நோட்டுத் தாளில் எழுதித் தருவார். வண்டியை நிறுத்த மேற்கூரை இல்லாததால், வேலை நடக்காத நாட்களில் என் வண்டி வெயிலில்தான் நின்றது, சீட்டு உறை ஓரிடத்தில் வெளிறிவிட்டது. சைலன்சர் மாற்றம், பெயிண்ட், அலங்கார விளக்கு போன்ற வேலைகளை எடுப்பதில்லை, கேட்டால் கோபப்படுவார். மின்னணு எஞ்சின் கொண்ட புதிய வண்டிகளுக்கும் அவர் ஆள் இல்லை, அதை அவரே சொல்லிவிடுவார்.

பிப்ரவரியில் எடுத்த வண்டி, அந்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழையையும் கடந்து இன்றுவரை ஒருமுறைகூட வழியில் நிற்கவில்லை. டிசம்பரில் ஒரு மாலை, நசரத்பேட்டைக்கு அருகில் கொட்டும் மழையில் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தபோது, பழக்கத்தில் இடப்பக்க ஓரமாகவே ஓட்டிக்கொண்டிருந்தேன். முள் தன் போக்கில் துடித்துக்கொண்டிருந்தது.

போக விரும்புகிறவர்கள் காலை பத்து மணிக்கு முன் போவது நல்லது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. இதுவரை மாற்றிய பாகங்களின் பட்டியலும், கழற்றிய பழைய பாகங்கள் இருந்தால் அவையும், வண்டி நின்ற நாட்களைக் குறித்த நோட்டும் கையில் இருக்கட்டும். நோட்டு இல்லாமல் போனால், வண்டியைப் பார்க்காமலேயே வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிடுவார்.